பெண்ணைக் கொடுப்பவர் யார்?

உடுவில்
12.02.2024

அன்புள்ள திரு. நமசிவாயம் அவர்களுக்கு,

ஆண்டவரின் கிருபையால் நடமாடுகிறேன். தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

என்னை ஞாபகமிருக்குமோ தெரியாது. போன மாதம் தொண்டைக் கிளினிக்கில், கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு கடைசி மர வாங்கில் இருந்த கிழவன் நான். காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். தாங்கள் பக்கத்தில் வந்து இருந்து, "உங்களுக்கும் குரல்வளையை எடுத்தாச்சோ அண்ணை?" என்று கேட்டீர்கள். தங்கள் கழுத்திலும் அதே துவாரம். குரல்வளை இல்லாத ஒருவர் கதைப்பதைக் கேட்டு முதலில் பயந்துபோனேன். வயிறு நிறையச் சாப்பிட்டவன் ஏவறை விடுகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விலாசத்தைத் தந்து எழுதச் சொன்னீர்கள். தொந்தரவாயிருக்குமோ என்று இவ்வளவு நாளும் யோசித்தேன்.

தொலைபேசி எனக்கு இனி உதவாது. செய்தி அனுப்பலாம்தான். ஆனால் என் கைபேசியை வீட்டில் எல்லாரும் எடுத்து வாசிக்கிறார்கள். கடித உறையைக் கிழிக்க இன்னும் கூச்சப்படுகிறார்கள்.

விசயத்துக்கு வருகிறேன். என் மகள் ஜொய்சிக்கு ஓகஸ்ட் 24ஆம் திகதி கலியாணம். மாப்பிள்ளை கனடா. எங்கள் சபையில் போதகர், "இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?" என்று கேட்பார். தகப்பன் சபை கேட்கும்படி, "நான் கொடுக்கிறேன்" என்று சொல்லவேண்டும். தலையாட்டினால் போதாது. எழுதிக் காட்டவும் ஏலாது. இரண்டே சொற்கள். எழுபத்தொரு வயதில் ஒருவன் அதைப் பழகலாமா?

இன்னொன்று. குரல் போனால் காதும் போய்விட்டதென்று ஏன் எல்லாரும் நினைக்கிறார்கள்? நேற்று ஒரு தூரத்து உறவினர் வந்து என் காதுக்குள் கத்திவிட்டு, என் மனைவியிடம் திரும்பி, "பாவம், முந்தி நல்லாய் இருந்தவர்" என்றார், நான் செத்தவன் போல. முறையிட்டு எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தா. ஜெபநேசன்


சந்நிதியான் துணை

தொண்டைமானாறு
25.02.2024

ஜெபநேசன் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. "தாங்கள்", "தங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். காணி உறுதிப் பத்திரம் வாசிக்கிற மாதிரி இருந்தது. என்னை "நீங்கள்" என்றால் காணும், அதுவே போதும்.

பழகலாம். எனக்கு எடுத்து இரண்டு வருசம். நான் என்ரை ஹாட்வெயர் கடையில் நின்று சீமெந்துக்கு விலை பேசுகிறேன். நீங்கள் இரண்டு சொல்லுக்குப் பயப்படுகிறீர்கள்.

சாப்பாட்டுக்கு முன்னம் செய்யுங்கள். வாயை மூடி, நாக்கை மேலே அழுத்தி, வாயிலுள்ள காற்றைச் சாப்பாட்டுக் குழாய்க்குள் தள்ளுங்கள். விழுங்கக் கூடாது. விழுங்கினால் வயிற்றுக்குப் போய்விடும். தள்ளின கையோடு திருப்பி எடுங்கள். ஏவறைதான் அண்ணை, வேறொன்றுமில்லை. அந்த ஏவறையைச் சொல்லாக்குவதுதான் வித்தை. முதலில் பா, தா, கா. இந்த எழுத்துகள் வாயை அடைத்துத் திறக்கிறதால் காற்றைத் தாமே உள்ளே தள்ளும். சோடா குடித்தால் முதல் நாட்களில் இலேசு. ஒருவருக்கும் முன்னால் செய்யாதீர்கள், சிரிப்பார்கள். பிறகு எல்லாருக்கும் முன்னால் செய்யுங்கள், பழகிவிடுவார்கள்.

கத்துகிறவர்களைப் பற்றி எழுதினீர்கள். என் கடைக்கு ஒருவன் வந்து விரலால் சைகை காட்டி ஆணி கேட்டான். நான் சொன்னேன், "தம்பி, எனக்குத்தான் குரல்வளை இல்லை. உமக்கென்ன, நாக்கு இல்லையோ?" அவன் இப்போது எனக்கு நல்ல வாடிக்கை.

கடை திறக்க வேண்டும். பா, தா, கா. மறக்காதீர்கள்.

நமசிவாயம்


உடுவில்
20.03.2024

அன்புள்ள நமசிவாயம் அவர்களுக்கு,

நலம். உங்கள் சுகம் எப்படி? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

குளியலறைக்குப் பின்னால் நின்று பழகுகிறேன். முதற் கிழமை ஏழு நாளும் காற்று முழுவதும் வயிற்றுக்குப் போய், இரவெல்லாம் வயிறு ஊதிக்கொண்டது. என் மனைவி நேசமலர் வாய்வு என்று நினைத்து, காலையும் மாலையும் ஓமத் தண்ணீர் தருகிறாள். நான் விளக்காமல் குடித்துக்கொண்டிருக்கிறேன். போன வியாழக்கிழமை ஒரு "பா" வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

இனி எழுதுவதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேசமலரின் தம்பி ஜெறோம் கனடாவில் இருக்கிறார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கதைத்தார். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்திருந்தார்கள். நான் அந்த மேசையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அத்தானுக்கு இனி ஏலாதுதானே அக்கா. நான் வந்து ஜொய்சியைக் கொடுக்கிறன். மாப்பிள்ளை வீட்டுக்கு வருத்தத்தின்ரை பேரைச் சொல்லாதேங்கோ. தொண்டையிலை சின்னக் கட்டி எண்டு சொல்லியிருக்கு. அண்டைக்கு அத்தானை மண்டபத்துக்கு மட்டும் கூட்டிக்கொண்டு வந்தாக் காணும்."

நேசமலர் என்னைப் பார்த்தாள். பிறகு கைபேசியைப் பார்த்து, "அதுதான் நல்லம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன். அவர்கள் சொல்வதிலும் ஞாயம் இருக்கலாம். என் சத்தத்தை நானே கேட்கக் கூசுகிறேன். சபையார் எப்படிக் கேட்பார்கள்?

அன்புடன்,
ஜெபநேசன்


சந்நிதியான் துணை

தொண்டைமானாறு
02.04.2024

ஜெபநேசன் அண்ணைக்கு,

"ஞாயம் இருக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டுத்தான் மிச்சத்தை வாசித்தேன்.

எந்த ஊர் ஞாயம்? மனுசன் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவன் தலைக்கு மேலால் அவன் மகளை வேறொருவன் கொடுக்கிறதாய் முடிவெடுக்கிறது ஞாயமோ? நீங்கள் களவெடுத்தீர்களா? கான்சர் வந்தது. பெயரைச் சொன்னால் வாய் அவிந்துபோகுமோ? சின்னக் கட்டியாம். என்ரை வீட்டிலும் இப்படித்தான். வருகிற சனத்துக்கு, "இவருக்குத் தடிமன், மூக்கடைப்பு" என்று சொன்னார்கள். எந்தத் தடிமனுக்கு ஐயா கழுத்தில் ஓட்டை போடுவார்கள்?

சரி, வேலைக்கு வருவோம். "நான்" என்று தொடங்கினால் உங்களுக்கு வராது. மூக்கால் போகிற எழுத்து காற்றை உள்ளே தள்ளாது. அதனால் "தகப்பன்" என்று தொடங்குங்கள். "தகப்பன் நான் கொடுக்கிறேன்." "த" காற்றைக் கொண்டுவரும். "ப்ப" இன்னும் கொஞ்சம் கொண்டுவரும். அந்தக் காற்றில் "நான்" தப்பிவிடும். "கொ" தன்பாட்டில் வரும். போதகர் ஒரு சொல் கூடிவிட்டதென்று வழக்கா போடப்போகிறார்?

கலியாணத்துக்கு நான் வருவேன். வேட்டி கட்டி, பெண் வீட்டாரின் பக்கத்தில் முதல் வாங்கில் இருப்பேன். நீங்கள் வேறு ஒருவரையும் பார்க்கவேண்டாம், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எவனாவது சிரித்தால் எழும்பி அவனோடு நான் கதைப்பேன். என் சத்தத்தைக் கேட்ட பிறகு உங்கள் சத்தம் சங்கீதமாயிருக்கும்.

23ஆம் திகதி கிளினிக்கில் காண்போம்.

நமசிவாயம்


உடுவில்
26.04.2024

அன்புள்ள நமசிவாயம்,

நான் சுகம். நீங்கள்?

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் மத்தியானம் வரைக்கும் உங்களை எதிர்பார்த்திருந்தேன். தாதி பிரதீபா உங்கள் வைத்தியக் கோப்பை எடுத்துப் பார்த்து, நீங்கள் போன முறையும் வரவில்லை என்றார். திகதி மாறிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். சுணங்காமல் போய்க் காட்டுங்கள்.

டொக்டர் வழமைபோல் நேசமலரைப் பார்த்து, "இரவிலை இருமுறவரோ?" என்று கேட்டார். நான் அவருக்கு எதிரில் இருக்கிறேன். என் கழுத்தைத்தான் பார்க்கிறார், என்னை அல்ல. எப்படி வந்ததென்று தெரியாது, "கொஞ்சம்" என்றேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நேசமலர் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓமத் தண்ணீர் அன்றோடு நின்றது.

வெளியில் வாங்கில் ஒரு நாற்பது வயதுக்காரர். புதிதாக எடுத்திருக்கிறார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் போய் இருக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. போய் இருந்து, "பயப்படாதையும்" என்றேன். முழுச் சொல்லும் வரவில்லை. அவர் திரும்பி என் கழுத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். நீங்கள் எனக்குச் செய்ததைத்தான் செய்தேன். சரியாகச் செய்தேனோ தெரியாது.

"தகப்பன்" வருகிறது. "நான்" இன்னும் இல்லை. உங்களுக்கு இன்னும் சோடா உதவுகிறதா?

அன்புடன்,
ஜெபநேசன்


உடுவில்
30.05.2024

அன்புள்ள நமசிவாயம்,

மறுமொழி இல்லை. என் கடிதம் தவறிப்போயிருக்கலாம். அல்லது நான் ஏதும் பிழையாக எழுதியிருக்கலாம். எழுதின பிரதியை எடுத்துத் திரும்ப வாசித்தேன். கிளினிக்குக்குப் போகச் சொன்னது அதிகாரம் பண்ணுவதுபோல் இருந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நானே கொடுக்கப்போவதாக வீட்டில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் சுகத்துக்கு ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஜெபநேசன்


சந்நிதியான் துணை

தொண்டைமானாறு
14.06.2024

அண்ணைக்கு,

அழைப்பிதழ் கிடைத்தது. பிழை ஒன்றும் நீங்கள் எழுதவில்லை. கடையில் வேலை கூட. கிளினிக்குக்கு வேறு நாளில் போவேன்.

சோடா எனக்கு இப்போது இறங்குவதில்லை. நீங்கள் குடியுங்கள்.

வீட்டில் சொல்லுங்கள். ஜூலை முடிய முன்னம் சொல்லுங்கள். ஒளித்துப் பழகினால் அன்றைக்கு வாய் வராது. கோபத்தை அறைக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். அதே மேசையில் வையுங்கள்.

நமசிவாயம்


உடுவில்
30.07.2024

அன்புள்ள நமசிவாயம்,

சுகமாயிருக்கிறீர்களா? போன கடிதம் மிகச் சிறியதாக இருந்தது.

சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்ன அதே மேசையில்.

ஜெறோம் வந்து இறங்கி நாலு நாள். ஞாயிறு இரவுச் சாப்பாட்டில், அன்றைக்கு யார் எங்கே நிற்பது என்று ஒழுங்கு சொல்லிக்கொண்டிருந்தார். தானும் ஜொய்சியும் வாசலில் இருந்து நடப்பார்களாம். எனக்குத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையாம். வீடியோக்காரருக்கும் சொல்லியாயிற்றாம், அந்தப் பக்கம் எடுக்கவேண்டாம் என்று.

நான் எழும்பினேன். "தகப்பன் நான்" என்றேன்.

எல்லாரும் கையை நிறுத்தினார்கள். ஜெறோம் சிரிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். மெதுவாகத்தான் சொன்னார்: "அத்தான், கோவிக்காதேங்கோ. கோயிலுக்குள்ளை ஏவறை விட்டால் சனம் என்ன சொல்லும்? மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலை பெரிய ஆக்கள்."

"பெத்தது நான்" என்றேன். திரும்பக் காற்றை எடுத்தேன். "கொடுக்கிறது நீரோ?"

என் வாழ்நாளில் ஒருவரையும் அப்படிக் கேட்டதில்லை. காணிப் பதிவகத்தில் முப்பது வருசம், மேலதிகாரிகள் செய்த பிழைகளுக்கெல்லாம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு ஆசை வரவில்லை.

ஜொய்சி குசினிக்குள் அடுப்படியில் இருந்து வந்தாள். அவள் இதுவரை ஒரு பக்கமும் கதைக்கவில்லை; அதனால் அவளும் அவர்களோடு என்று நினைத்திருந்தேன். "மாமா, நீங்கள் வேணுமெண்டால் வீடியோவைப் பாருங்கோ" என்றாள். "அப்பாவுக்குக் கான்சர் எண்டு என்னைக் கட்டப்போறவருக்கு நான் போன வருசமே சொல்லிப்போட்டன். அவர் தன்ரை வீட்டிலும் சொல்லிப்போட்டார். உங்கை ஒளிச்சுக்கொண்டு திரியிறது நீங்கள் மட்டும்தான்."

நேசமலர் அழுதாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னாள். யாரிடமிருந்து என்று கேட்க நினைத்தேன். அதற்குள் காற்று முடிந்துவிட்டது.

நான்தான் கொடுக்கிறேன். முதல் வாங்கில் ஓர் இடம் உங்களுக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன். வாருங்கள்.

ஜெபநேசன்


உடுவில்
26.08.2024

நமசிவாயம் அவர்களுக்கு,

நீங்கள் வரவில்லை.

முதல் வாங்கில் உங்கள் இடத்தில் ஒருவரையும் இருக்க விடவில்லை. நான் ஜொய்சியோடு நடந்து வரும்போது அந்த இடத்தைத்தான் பார்த்தேன். போதகர் கேட்டார். "தகப்பன்" வந்தது. அதோடு நின்றுவிட்டது. பின்னால் ஒரு பிள்ளை சிரித்தது. தாய் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பார்க்கச் சொன்ன முகம் இல்லாததால் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன். போதகர் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜொய்சி என் கையை அசைக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. திரும்பக் காற்றை எடுத்து, முதலில் இருந்து சொன்னேன். மூன்று சொல்லும் கடைசி வாங்குக்குக் கேட்டதாக மாப்பிள்ளையின் தகப்பன் பிறகு வந்து சொன்னார். ஜெறோம் மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

இதையெல்லாம் சந்தோசமாக எழுதவே இருந்தேன். முடியவில்லை. வர ஏலாவிட்டால் ஒரு வரி எழுதியிருக்கலாம். சனத்தின் முகத்துக்குப் பயந்து என்னை ஒளித்தவர்கள்மேல் எவ்வளவு கோபப்பட்டீர்கள். நீங்களும் என்னோடு ஒரே வாங்கில் இருக்க வெட்கப்பட்டீர்களா? அப்படி இருக்காது என்று ஒரு மனம் சொல்லுகிறது. ஆனால் வேறு என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெபநேசன்


தொண்டைமானாறு
04.09.2024

மதிப்புக்குரிய ஜெபநேசன் அண்ணைக்கு,

நான் நமசிவாயத்தாரின் மனைவி நல்லம்மா. மகளின் கலியாணம் நல்லபடி முடிந்தது சந்தோசம். உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று சொல்லும் கேட்டது என்ற இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வெட்கமா என்று நீங்கள் கேட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். இனியும் சொல்லாமல் இருக்க என்னால் ஏலாது.

இவருக்குத் திரும்பி வந்துவிட்டது. துவாரத்துக்குப் பக்கத்தில் கட்டி. வைகாசியில் இருந்து கஞ்சிதான், இப்போது அதுவும் இறங்குவது கஷ்டம். அந்தக் குரலும் போய்விட்டது. என் உள்ளங்கையில் விரலால் எழுதுகிறார்.

தை மாதம் கிளினிக்கில் டொக்டர் மகனைக் கூப்பிட்டு, திரும்பி வந்திருக்கிறது, அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் என்றாராம். இவர் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தவர். ஒன்றும் கேட்காத மாதிரி எழும்பி வெளியில் வந்தாராம். உங்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்தது அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்து, "எனக்கு முன்னாலை நிண்டு என்னைப் பற்றி எனக்குத் தெரியாமல் கதைக்கினம், இனி அந்த வாசலை மிதியன்" என்று சொன்னவர். அதன்பிறகு போகவில்லை. மகன் கெஞ்சிப் பார்த்தான்.

உங்களுக்கு எழுத நான் எத்தனை தரமோ கேட்டேன். அப்போது கொஞ்சம் குரல் இருந்தது. "அந்த மனிசன் பயந்து போடும். கலியாணம் முடியட்டும். நான் செத்தாலும் அதுக்குப் பிறகு சொல்லு" என்றார். நல்ல காரியம் முடியும்வரை கெட்ட செய்தி சொல்லாமல் இருக்கிறது எங்கள் பக்கத்தில் வழக்கம்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

கோவிக்க வேண்டாம் அண்ணை.

நல்லம்மா


உடுவில்
09.09.2024

தம்பி நமசிவாயம்,

நல்லம்மாவின் கடிதம் கிடைத்தது. சுகமா என்று இந்த முறை நான் கேட்கப் போவதில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். ஒன்றுக்கும் நீர் மறுமொழி தரவில்லை.

நீர் செய்தது பிழை. உம்மை "நீர்" என்று எழுதுகிறேன். கோபத்தில் அப்படித்தான் வருகிறது, அதை வெட்டப் போவதுமில்லை. என் வீட்டார் என் மகளின் கலியாணக் காரியத்துக்காக என்னை ஒளிக்கப் பார்த்தார்கள். அதற்கு என்ன கோபம் கோபப்பட்டீர். அதே கலியாணத்துக்காக நீர் உம்மையே ஒளித்தீர், கிளினிக்கில் காண்போம் என்று பொய்யும் எழுதினீர். நான் பயந்து போவேன் என்று யார் உமக்குச் சொன்னது? பயப்படுகிறவன்தான். பயந்துகொண்டே அந்த மூன்று சொல்லையும் சொல்லவில்லையா? பயந்துகொண்டே உம்முடைய வீட்டுக்கும் வந்திருப்பேன்.

டொக்டர் செய்ததும் பிழை. உமக்கு முன்னால் உம்முடைய மகனிடம் கதைத்தது பெரிய பிழை. ஆனால் அவருடைய பிழைக்கு நீர் ஏன் கஞ்சியில்லாமல் கிடக்கவேண்டும்? எட்டு மாதம் போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கு மேசையில் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. நேசமலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

இனி வைத்தியம் என்ன செய்யுமோ எனக்குத் தெரியாது. கட்டியைக் கரைக்காவிட்டாலும் சாப்பாடு இறங்க வழி செய்வார்கள், நோவுக்கு மருந்து தருவார்கள் என்று தாதி பிரதீபா சொல்லுகிறார். வெள்ளிக்கிழமை நானே போய்க் கேட்டேன். அதற்கு மேலே உமக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்ல எனக்கு வராது, பொய்யும் வராது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பதினேழாம் திகதி, கிளினிக். அச்சுவேலி வழியாய் வருகிற காலைப் பஸ்ஸில் நான் முதலில் உம்முடைய வீட்டுக்கு வருகிறேன். ஒப்பரேசனுக்குப் பிறகு பஸ்ஸில் தனியே ஏறியதில்லை. சனம் கழுத்தைப் பார்க்கும் என்று பயம். பார்க்கட்டும். உம்முடைய மகனுக்கு வான் ஒன்று ஒழுங்கு பண்ணச் சொல்லும். அங்கே நீர் ஒன்றும் கதைக்கவேண்டியதில்லை. கேட்கவேண்டியதை நல்லம்மாவின் கையில் எழுதும். அவ எனக்குச் சொல்லட்டும், நான் டொக்டருக்குச் சொல்லுகிறேன். மெதுவாகத்தான் வரும். அவர் காத்திருக்கட்டும். அவர் மகனைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினால், "டொக்டர், அவரைப் பாத்துக் கதையுங்கோ" என்று சொல்லுவேன். மூன்று நாளாக அதைத்தான் பழகுகிறேன். இப்போது தடையில்லாமல் வருகிறது.

வர வேண்டாம் என்று மறுமொழி எழுதாதீர். எழுதினாலும் வருவேன்.

வெளிக்கிட்டு ஆயத்தமாய் இரும்.

அண்ணன்,
ஜெபநேசன்